குழாய் மூடி சொன்ன பதில்

338.342.

நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்களோடு சொல்லிவிடுவேன். சென்ற ஆண்டு ஐந்து வாரம் என் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்ட எண். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்தும் கை ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கேட்ட கேள்விதான் உட்கார வைத்தது.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அண்ணியும் அவளும் நானும் உணவங்காடியில் உட்கார்ந்திருந்தோம். பாலிடெக்னிக்கில் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, மாஸ் ஸ்பெக் டேட்டா எல்லாம் இனிமே ஏஐயே படிச்சிடுமாமே. அப்புறம் உங்க லேப்புக்கு நான் எதுக்கு இன்டர்ன்ஷிப் வரணும்?"

அண்ணி "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது" என்று அதட்டினார். எனக்குக் கேள்வி பிடித்திருந்தது. அரைகுறையாக வாயால் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. "ஒரு வாரம் குடும்மா, எழுதியே தர்றேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

புவன விஸ்தா பக்கம் இருக்கும் ஓர் ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக் கருவியோடு வேலை பார்க்கிறேன். 2007இல் டிப்ளோமா முடித்த கையோடு சேர்ந்தேன். சாம்பிள் தயாரிப்பது, கருவியை ஓட்டுவது, அழுக்கேறினால் கழற்றித் துடைப்பது, வருகிற தரவை நம்பலாமா என்று முதல் ஆளாகப் பார்ப்பது, இவையெல்லாம் என் பொறுப்பு. பாடநூலில் நிறை நிறமாலைமானி என்று எழுதுவார்கள். நாங்கள் வாயால் சொல்வது மாஸ் ஸ்பெக், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அது என்ன செய்கிறது என்றால், மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றிப் பறக்கவிட்டு எடை போடுகிறது. சரியாகச் சொன்னால், நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணைத் தருகிறது. பிறகு ஒரு குறிப்பிட்ட எடையுள்ள மூலக்கூறை மட்டும் பிடித்து, வாயுவோடு மோதவிட்டு உடைத்து, அந்தத் துண்டுகளையும் எடை போடுகிறது. எந்தத் துண்டு எவ்வளவு வந்தது என்ற கோட்டுப்படம்தான் நிறமாலை. அதில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கோடும் ஒரு பீக்.

புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் பறக்கவிடுவது நெடுங்காலம் கைகூடாத காரியமாக இருந்தது. அதற்கு வழி கண்டதற்காக ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனாகாவுக்கும் 2002இல் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. தனாகா ஷிமாட்ஸு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர், முனைவர் பட்டம் வாங்காதவர். ஒருநாள் நுண்ணிய கோபால்ட் தூளில் அசிட்டோனுக்குப் பதிலாகக் கிளிசரினைத் தவறிக் கலந்துவிட்டார். கொட்டிவிட மனம் வராமல் அதையே கருவியில் போட்டுப் பார்த்தார். அதிலிருந்துதான் வழி திறந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்துவிட்டு அவர் படத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். மூன்று முறை ஆய்வகம் இடம் மாறியும் அந்தப் படம் என்னோடுதான் வருகிறது.

அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைப் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்தவர். பழைய நகை வந்தால் உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் திராவகத்தை ஒரு சொட்டு வைத்து, எது எவ்வளவு மங்குகிறது என்று குனிந்து பார்ப்பார். ஒப்பிட வைத்திருக்கும் அந்தப் பொன்னுக்கு ஆணிப்பொன் என்று பெயர், அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். ஒரு வாடிக்கையாளர் நகை முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் கல்லை எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார். "முன்னாடி ஆளோட பொன்னு கல்லுல ஒட்டியிருந்தா, பின்னாடி ஆளுக்கு அநியாயம் பண்ணுனதா ஆயிடும்." பள்ளிச் சீருடையோடு பட்டறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாட்களில் இது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இன்று இரண்டு சாம்பிளுக்கு நடுவே வெறும் கரைப்பானை ஓட்டி, முந்தையதன் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறேனே, அந்த பிளாங்க் ஓட்டம் அப்பாவின் எண்ணெய்த் துணிதான்.

மாஸ் ஸ்பெக் தரவை வாசிப்பதும் வெகுகாலம் உரைகல் வேலையாகவே இருந்தது. தெரியாத நிறமாலையைத் தெரிந்த நிறமாலைகளின் தொகுப்போடு ஒப்பிட்டு, எது ஒத்துப்போகிறதோ அதன் பெயரைச் சூட்டுவது. தொகுப்பில் இல்லாத பொருளாக இருந்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 18 குறைந்தால் நீர் போயிருக்கிறது, 17 குறைந்தால் அம்மோனியா போயிருக்கிறது என்று ஒவ்வொரு துண்டாகக் கணக்குப் போட வேண்டும். இப்போதைய கருவி ஒரு மணி நேர ஓட்டத்தில் பல்லாயிரம் நிறமாலைகளைக் கொட்டுகிறது. பென்சிலுக்கு அது அடங்காது.

ஆகவே கணினியிடம் கொடுப்பது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. செயற்கை நுண்ணறிவு வரலாற்றின் முதல் பெரிய முயற்சிகளில் ஒன்றே மாஸ் ஸ்பெக்குக்காகச் செய்யப்பட்டதுதான். 1965இல் ஸ்டான்ஃபர்டில் தொடங்கிய டென்ட்ரல் என்ற திட்டம். எட்வர்ட் ஃபைகன்பாம், ஜோஷுவா லெடர்பெர்க், புரூஸ் புக்கானன், வேதியியலர் கார்ல் ஜெராசி ஆகியோர் அதில் இருந்தார்கள். செவ்வாய்க் கோளில் உயிர்ப்பொருள் இருந்தால் அங்கே போகும் கருவி தானே அடையாளம் காண முடியுமா என்ற கேள்வி லெடர்பெர்க் மனத்தில் இருந்தது. வேதியியலரின் அனுபவத்தை 'இப்படி உடைந்தால் இதுவாக இருக்கும்' என்ற விதிகளாக எழுதிக் கணினிக்கு ஊட்டினார்கள். இதை அண்ணன் மகளிடம் சொன்னபோது "அறுபது வருஷத்துக்கு முன்னாடியேவா!" என்று கண்ணை விரித்தாள். ஆமாம், அப்போதே.

இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன். எல்லாவற்றையும் அடுக்கினால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டினால் அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு என்ற சிறு சங்கிலிகள் கிடைக்கும். அவற்றைக் கருவிக்குள் உடைத்தால் எந்தெந்த எடையில் துண்டுகள் வரும் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். 1994இல் வந்த செக்வெஸ்ட் மென்பொருள் முதற்கொண்டு இந்தக் கணக்கை வைத்துத்தான் தெரிந்த புரதங்களின் பட்டியலில் தேடினார்கள். ஆனால் எந்த பீக் உயரமாக வரும், எது குட்டையாக வரும் என்று கணக்கில் வராது. கருவி முன்னால் பல ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கு ஓரளவு தெரியும். புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அதற்கு முன்னால் நன்றாக உடையும், அந்த பீக் ஓங்கி நிற்கும். இப்படிச் சில. மற்றதெல்லாம் கண்பழக்கம், வார்த்தையில் எழுதி வைக்க முடியாதது.

2019இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட புரோசிட் என்ற மென்பொருள் அந்தக் கண்பழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. செயற்கையாகத் தயாரித்த 550,000 பெப்டைடுகள், அவற்றிலிருந்து எடுத்த 21 மில்லியன் நிறமாலைகள், இவற்றைக் கொண்டு அதற்குள் இருக்கும் நரம்பணு வலைப்பின்னலை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் மாடலை, பழக்கினார்கள். எந்தப் பொருளை உள்ளே போட்டோம் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால் அத்தனையும் ஆணிப்பொன். இப்போது ஒரு பெப்டைடின் வரிசையைக் கொடுத்தால், இன்ன வேகத்தில் மோதினால் ஒவ்வொரு பீக்கும் இவ்வளவு உயரம் வரும் என்று படம் போட்டுத் தருகிறது. நான் முதன்முறை அதன் படத்தையும் எங்கள் கருவியின் படத்தையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தபோது, தண்ணீரில் தெரியும் நிழல்போல ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பொருந்தி நின்றன. உடம்பு சிலிர்த்தது. பத்து ஆண்டு கருவி முன்னால் உட்கார்ந்து சேர்த்த பழக்கம் அது. இன்னொருவர் அதைப் புரிந்துகொண்டுவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் யோசனை மட்டும் வேறொன்று. பொய்ப் பட்டியல் என்று சொல்லலாம். உண்மையான புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதினால் இயற்கையில் இல்லாத வரிசைகள் கிடைக்கும். மெய்யையும் பொய்யையும் ஒன்றாகக் கலந்து தேடச் சொல்கிறோம். எது பொய் என்று தேடும் மென்பொருளுக்குத் தெரியாது. அது பொய் வரிசைகளுக்கு எத்தனை நிறமாலையைப் பொருத்துகிறதோ, ஏறக்குறைய அத்தனை தவறுகள் மெய்ப் பக்கத்திலும் நடந்திருக்கும் என்று கணக்கிடுகிறோம். நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறு போகாதபடி கோட்டைப் போட்டு மீதியைத் தள்ளிவிடுகிறோம். எலியாஸும் கைகியும் 2007இல் இந்த முறையை விளக்கி எழுதினார்கள். அதே ஆண்டு வந்த பெர்கொலேட்டர் என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய், பொய்ப் பொருத்தங்களையே பாடமாக வைத்து, நல்ல பொருத்தம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தானே கற்றுக்கொண்டது. தன் தவறை எண்ணிக் காட்டாத எந்தக் கருவியையும் நான் ஆய்வகத்துக்குள் விடுவதில்லை என்றால், அந்தப் பிடிவாதம் இங்கிருந்து வந்தது.

பட்டியலே இல்லாமல் நிறமாலையிலிருந்து நேராக அமினோ அமிலங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாடல்களும் இருக்கின்றன. 2017இல் டீப்நோவோ, பிறகு மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பைக் கொண்ட கசநோவோ. அவற்றை ஓட்டிப் பார்க்கும்போது மூன்று இடங்களில் என் விரல் தானாக நிற்கும். லூசின், ஐசோலூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் ஒரே எடை. லைசினுக்கும் குளூட்டமினுக்கும் வித்தியாசம் வெறும் 0.036. இரண்டு கிளைசின் சேர்ந்தால் ஓர் அஸ்பரஜினின் எடை, அணுக்கணக்கு உட்பட அப்படியே. கருவி பிரித்துக் காட்டாததை மாடல் பிரித்துச் சொன்னால் அது பழக்கத்தால் சொன்ன ஊகம். மற்ற இடங்களில் அது வாசிக்கிற வேகம் வியப்பாக இருக்கிறது.

சின்ன மூலக்கூறுகள் என்று வந்தால் எனக்கு 2008 நினைவுக்கு வரும். வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு இரத்தச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கிய நிலையில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள், அத்தனைக்கும் நீரிழிவு இல்லாதவர்கள். சுமார் 150 பேர், கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். நால்வர் இறந்துபோனார்கள். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. எங்கள் ஆய்வகத்துக்கும் அந்த வேலைக்கும் தொடர்பில்லை. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் கருவியில் கிளிபென்கிளமைடு எங்கே வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 494.151. உடைத்தால் 369. நூலகம் என்று நாங்கள் சொல்லும் நிறமாலைத் தொகுப்பில் இருக்கிற பொருள் என்பதால் சாம்பிள் கைக்கு வந்துவிட்டால் அடையாளம் காண்பது கடினமில்லை.

நூலகத்தில் இல்லாததைக் கலந்தால் என்ன செய்வது? கள்ள மருந்துக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். வயாகராவில் உள்ள மருந்தான சில்டெனாஃபிலின் ஓரத்தில் ஒரு கார்பனையும் இரண்டு ஹைட்ரஜனையும் கூட்டினால் ஹோமோசில்டெனாஃபில். 475.212 என்ற எடை 489.228 ஆகிவிடும். எடையை மட்டும் வைத்துத் தேடும் பழைய முறை அதைக் கடந்து போய்விடும். ஆனால் உடைத்துப் பார்த்தால் பாதித் துண்டுகள் அண்ணன் தம்பி முகம்போல ஒத்துப்போகும். முகச்சாயலை வைத்து நிறமாலைகளை உறவுமுறையாகக் கோக்கும் வேலையை 2016 முதல் ஜிஎன்பிஎஸ் என்ற பொதுத் தளம் எல்லாருக்கும் இலவசமாகச் செய்து தருகிறது. ஜெர்மனியின் யேனா நகரத்தில் உருவான சிரியஸ் என்ற மென்பொருள் இன்னொரு வழி. துண்டுகளைப் பார்த்து மூலக்கூறுக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கலாம் என்று இயந்திரக் கற்றலால் ஊகித்து, அந்த உறுப்புக் கணக்கோடு வேதிப்பொருள் பட்டியல்களைத் தேடுகிறது. உரைகல்லில் ஒப்பிட ஆணிப்பொன்னே இல்லாத நகைக்கும் ஏதோ ஒரு விடை கிடைக்கிறது. இதற்காக மட்டுமே செயற்கை நுண்ணறிவுக்கு நான் நன்றி சொல்வேன்.

இனி 338.342.

எங்கள் ஆய்வு இரத்தத்திலுள்ள கொழுப்புப் பொருட்களைப் பற்றியது. லிப்பிட் ஆராய்ச்சியில் சிங்கப்பூர் நெடுநாளாக ஆழ உழைத்த ஊர், கற்றுக்கொள்ள ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சென்ற ஆண்டு இதயநோய் உள்ளவர்களின் பிளாஸ்மாவும் (அணுக்களை நீக்கிய இரத்தத் திரவம்) நலமானவர்களின் பிளாஸ்மாவும் எங்களிடம் வந்தன. நோயாளிகளுடையது ஓரிடத்தில் சேகரித்தது, நலமானவர்களுடையது வேறோர் இடத்தில். இரண்டும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் பல மாதம் இருந்தவை. நான் கொழுப்பைப் பிரித்தெடுத்து, வரிசை கலைத்து, நடுநடுவே பிளாங்க் வைத்து ஓட்டினேன். வந்த சில ஆயிரம் பீக்குகளைச் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் தம்பி ஒருவர் தன் மாடலுக்குக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், தம்பி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "அக்கா, ஏறக்குறைய ஒண்ணக்கூட விடல. நோயாளி யாரு, நல்லாருக்கறவங்க யாருன்னு அப்படியே பிரிச்சிடுச்சு." முகமெல்லாம் வெளிச்சம். ஊரில் அம்மாவுக்குக்கூடப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். அறையில் எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் நெருட ஆரம்பித்தது. பிளாஸ்மா என்பது நேற்று ராத்திரி சாப்பிட்ட நாசி பிரியாணி முதல் விழுங்கிய மாத்திரை வரை எல்லாமும் மிதக்கிற இடம். அதில் நோய் இவ்வளவு சுத்தமாகக் கோடு கிழித்தாற்போலப் பிரியுமா? பதினெட்டு ஆண்டில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை தம்பியிடம் ஒன்று கேட்டேன்: மாடல் எதைப் பார்த்துப் பிரித்தது? அதற்கு ஷாப் என்ற ஒரு முறை இருக்கிறது, ஒவ்வொரு பீக்கும் முடிவை எவ்வளவு தள்ளியது என்று பங்கு பிரித்துக் காட்டும். அவர் உடனே போட்டுக் காட்டினார். மற்ற பீக்குகள் எல்லாம் கடுகு. மேலே ஒன்று மட்டும் மலை. பெயரில்லாத பீக், 338.342.

"புது லிப்பிடா இருக்குமோ அக்கா?" என்றார். குரலில் அத்தனை ஆசை. என்னால் உடனே ஒன்றும் சொல்ல முடியவில்லை. உடைத்துப் பார்த்தோம். 321.315, அம்மோனியா போயிருக்கிறது. 303.305, நீரும் போயிருக்கிறது. அமைடு. நீண்ட கொழுப்புச் சங்கிலியுள்ள அமைடு. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது, வயிற்றைப் பிசைந்தது. எரூக்கமைடு. பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்குவதற்காகச் சேர்க்கிற பொருள். கடுகெண்ணெயில் இருக்கும் எரூசிக் அமிலத்தின் அமைடுதான் அது. பிளாஸ்டிக் பைகளிலும் மூடிகளிலும் இருக்கும், மெல்ல மெல்லக் கசியும்.

ஆனால் பிளாங்க்கில் ஏன் வரவில்லை? இதற்குத்தான் ஐந்து வாரம் ஆனது. கரைப்பானைச் சந்தேகித்தேன், பிப்பெட் முனைகளைச் சந்தேகித்தேன், குழாய்வழிகளைக் கழற்றினேன், குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போனேன். கடைசியில் பார்த்தால் பிளாங்க்கை நான் எங்கள் ஆய்வகக் குழாயில் வைத்திருந்தேன். பிளாஸ்மா பல மாதம் உறைந்து கிடந்ததோ சேகரித்த இடத்தாரின் குழாயில். அந்தக் குழாய் என் கைக்கு வெறுமையாக வந்ததே இல்லை. இரண்டு இடத்தாரிடமும் எழுதி, அதே வகைக் காலிக் குழாய்களைக் கேட்டு வாங்கினோம். சுத்தமான ஐசோபுரோபனாலை ஊற்றி, மூடி, தலைகீழாக ஓர் இரவு வைத்து ஓட்டினேன். ஓரிடத்துக் குழாயில் ஒன்றுமில்லை. மற்றதில் 338.342 கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

மாடல் பொய் சொல்லவில்லை. இரண்டு குவியலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடி என்றோம், கண்டுபிடித்தது. ஒரு மூடி யாரிடம் வாங்கியது என்பது அந்த வித்தியாசம். தம்பி ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய் இரண்டு கோப்பி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. சாம்பிள் பட்டியலில் குழாய் வகை என்ற ஒரு பத்தி இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது குழாயைக் கையில் பிடித்த யாரும் அந்த அறையில் இல்லை, நான் உட்பட. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்டுப் போகவில்லை.

உலகமே பார்த்த ஒரு நிகழ்வு இதற்கு முன்பே இருக்கிறது. 2002இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சூலகப் புற்றுநோயை ஒரு சொட்டு இரத்தத்தின் மாஸ் ஸ்பெக் வடிவத்தைக் கொண்டே கணினி கண்டுபிடிக்கிறது என்று. 50 புற்றுநோய்ச் சாம்பிள்களில் 50ஐயும் பிடித்தது, நோயில்லாத 66இல் 63ஐச் சரியாகச் சொன்னது. எத்தனை பெண்களுக்கு நம்பிக்கை தந்த செய்தி அது! வணிகப் பரிசோதனையாகக் கொண்டுவரவும் ஏற்பாடுகள் நடந்தன. பொதுவில் வைக்கப்பட்டிருந்த தரவை பேகர்லி, கூம்ப்ஸ் முதலான புள்ளியியலர்கள் எடுத்து மீண்டும் ஆராய்ந்தார்கள். 2004இல் எழுதினார்கள்: குழுக்களைப் பிரிக்கும் சமிக்ஞைகளில் பல, சாம்பிள்களைக் கையாண்ட விதத்திலும் கருவி ஓடிய விதத்திலும் இருந்து வந்திருக்க வாய்ப்புண்டு, உயிரியலிலிருந்து வந்தவை என்று நம்ப இடமில்லை. அந்தப் பரிசோதனை மக்களிடம் போய்ச் சேரவில்லை. இந்தக் கட்டுரைகளை நான் முன்பே படித்திருக்கிறேன். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை கைதட்டினேன்.

என் பயம் எங்கே இருக்கிறது என்றால் இங்கேதான். 2002இன் கணினியைவிட இப்போதைய மாடல்கள் எத்தனையோ மடங்கு கூர்மை. மூடியின் வித்தியாசம், கருவி காலையில் ஓடியதா மாலையில் ஓடியதா என்ற வித்தியாசம், இரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் கழித்து உறைபெட்டிக்குப் போனது என்ற வித்தியாசம், எல்லாமே அதற்குத் தெரியும். எது நோய், எது மூடி என்று அதற்குத் தெரியாது, நாம் சொல்லாதவரை. நாம் சொல்ல வேண்டுமானால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா நகையைக் கையில் வாங்கும்போதே அது யார் செய்தது, எங்கே பற்றவைத்தது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, கல்லில் உரைப்பதற்கு முன்னால். மூன்று தரம் கேட்டாலும் சலிக்காமல் எனக்குக் காட்டுவார்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முழுவதையும் மறுபடி செய்தோம். கசிந்து வரக்கூடிய பீக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஓர் இடத்துச் சாம்பிளில் கற்றதை வேறோர் இடத்தில் சோதிக்கும் முறைக்கு மாறினோம். எல்லாச் சாம்பிளிலும் சிறிது எடுத்துக் கலந்த பொதுக் கலவையைப் பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை வைக்கிறோம், கருவி நழுவுகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. செராமைடு என்ற கொழுப்பு வகையில் இரண்டு மட்டும் இன்னும் நிற்கின்றன. முன்பு வந்ததைப்போலக் கோடு கிழித்த பிரிவு இல்லை, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிக்கிடக்கும் இரண்டு குன்றுகள். தம்பி இப்போது காலை எட்டரைக்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்று பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறார். நான் அவரிடம் பைத்தான் நிரல்மொழி கற்கிறேன். என் பழைய குறிப்பேடுகள் பதினொன்றையும் அட்டவணையாக்கும் நிரலை நானே எழுதி முடித்தேன், போன மாதம். மூன்றாம் இடத்திலிருந்து புதிய சாம்பிள்கள் அடுத்த மாதம் வருகின்றன. குழாய்கள் முன்னாலேயே வந்துவிட்டன, காலியாக.

ஆகவே கண்ணு, நீ கேட்ட கேள்விக்கு: வா. இன்டர்ன்ஷிப் ஆறு வாரமும் வா. முதல் வாரம் அந்தக் காலிக் குழாய்கள் உன் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று எடுத்து, பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, கரைப்பான் ஊற்றி வைக்க வேண்டும். அதில் வரும் பீக்குகளுக்கு சிரியஸை ஓட்டிப் பெயர் கண்டுபிடிப்பதும் நீதான். திங்கட்கிழமை காலை எட்டரை மணி, புவன விஸ்தா நிலையத்தில் நிற்கிறேன். கால் மூடிய காலணி போட்டுக்கொள். கைக்கு கிரீம் எதுவும் தடவிக்கொண்டு வராதே. அதிலிருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 44.026 இடைவெளியில் சீப்புப் பல்போல வரிசையாக ஏறி உட்கார்ந்துவிடும், இரண்டு நாளைக்கு இறங்காது.